ஒன்ஸ் மோர் கேட்ட ரீல்

எந்தப் படம் நிற்கும், எந்தப் படம் போய்ச் சேரும் என்று ஜோசியம் சொல்வது என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வேக்காரர்கள் குடியிருக்கிற கோட்ரஸில், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவருக்கு அதுதான் வேலை. எதிர் வீட்டுக் கிராணியும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு பேரும் ரயில்வே ஆபீசில் சரக்குக் கணக்கு எழுதுகிற கிராணிகள். ஆனால் பேச்சைக் கேட்டால், மதராஸில் இருக்கிற பட முதலாளிகள் எல்லாரும் இவர்களிடம் உத்தரவு வாங்கித்தான் படம் எடுக்கிறார்கள் என்று தோன்றும்.

“அம்பது வருஷம் கழிச்சும் ஜனங்க இதப் பாப்பாங்க. நம்ம பேரப்புள்ளைங்க பாக்கும்” என்பார் என் வீட்டுக்காரர், அப்போது வந்த ஏதோ ஒரு புராணப் படத்தைப் பற்றி.

“இன்னும் புள்ளையே பொறக்கல. அதுக்குள்ள பேரனுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?” என்று நான் அம்மிக்கல்லை விட்டு எழுந்திருக்காமலேயே கேட்பேன்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு” என்பார். எனக்குத் தெரியாதுதான். ஆனால் கண் இருந்தது. எங்கள் ஊருக்கு வருகிற படமெல்லாம் ஊரூராக ஓடிக் களைத்த படம். மதராஸ், மதுரை, திருச்சி, கொழும்பு என்று தேய்ந்துவிட்டு, கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ஈப்போவில் ஓடி, அதற்கப்புறம்தான் கோலாலம்பூர். எங்களுக்கு அடுத்து கிள்ளான். கிள்ளானுக்கு அடுத்து கடல்தான். திரையில் எந்நேரமும் மேலிருந்து கீழே கோடு கோடாக மழை பெய்துகொண்டே இருக்கும். ராஜசபையிலும் மழை, படுக்கையறையிலும் மழை. அந்தக் கோலத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்து, இது அம்பது வருஷம் நிற்கும் என்று சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ.

கொட்டகை ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்போம். தகரக் கூரை, மரப் பெஞ்சு, பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். படம் ஓட்டுகிற மெஷின் ஒன்றே ஒன்று. அதனால் ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு, அடுத்த ரீலை மாட்டும் வரை கச்சான் கடலை விற்பார்கள். ஏதாவது பாட்டு பிடித்துப்போனால், நாடகத்தில் கேட்கிற மாதிரியே, விளக்கு வந்ததும் “ஒன்ஸ் மோர்” என்று ஜனங்கள் கத்துவார்கள். நாடகக்காரனாக இருந்தால் முன்னால் வந்து மறுபடி பாடிவிட்டுப் போவான். இங்கே ஆபரேட்டர் முழு ரீலையும் பின்னால் சுற்றி, மறுபடி மாட்டி ஓட்ட வேண்டும். ஓட்டித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் பெஞ்சு உடையும் என்று தவுக்கேக்குத் தெரியும்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பால்பல் விழும் முன்பே அம்மா போய்விட்டாள். அப்பா ரயில்பாதை கேங்கில் மண்டோராக இருந்தவர், தண்டவாளக் கூலிகளை மேய்க்கிற வேலை. எங்கள் இருவரையும் அவர்தான் சமைத்துப் போட்டு, தலை பின்னி வளர்த்தார். எனக்குச் சடை கோணலாகப் பின்னுவார், அவளுக்கு மட்டும் நேராக வரும். அவளுக்குக் குரல் நன்றாக இருந்தது. கோயில் பஜனையில் பாடினால் வாசலில் செருப்பைத் தேடுகிறவன்கூட நின்று கேட்பான். மதராஸ் பக்கத்திலிருந்து நாடகக் கம்பெனி ஒன்று வந்து இங்கே முகாம் போட்டபோது, அந்தக் கம்பெனி ஆர்மோனியக்காரனோடு கப்பலேறிப் போய்விட்டாள்.

அப்பா தலை முழுகினார். ‘முழுகினார்’ என்றால் பேச்சுக்குச் சொல்வதில்லை. பொதுக் குழாயடியில் கோட்ரஸ் சனம் பார்க்க, செத்த வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பிறகு உள்ளே வந்து சுவரில் இருந்த அவள் போட்டோவைக் கழற்றி அடுப்பில் வைத்தார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே போட்டோ அது. சீனன் ஸ்டூடியோவில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிற மாதிரி எடுத்தது. யாராவது வீட்டுக்கு வந்து “பிள்ளைங்க எத்தனை?” என்று கேட்டால், “ஒரே பொண்ணு” என்று என்னைக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த மனிதரிடம் வாய் கொடுக்க முடியாது.

சில வருஷம் போய், ஒரு நாள் தந்தி வந்தது. மதராஸில் விஷக்காய்ச்சல், எல்லாம் முடிந்துவிட்டது என்று. தந்தி அடித்தவன் ஆர்மோனியக்காரன். அதற்குப் பிறகு அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா தந்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, முன்பே முழுகியாயிற்று என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவும் செய்தார். நான் அந்தத் தட்டைக் கழுவும்போது, இவரும் ஒரு அப்பனா என்று நினைத்தேன்.

அவள் சாவதற்கு முன்னால் ஒரு பேசும் படத்தில் நடித்திருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. படம் இங்கே வந்து, மாட்டு வண்டியில் தமுக்கு அடித்து நோட்டீஸ் வீசிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது. ராணியின் தோழியாக நடித்தவர் என்று கடைசி வரியில் அவள் பெயர். வீட்டுக்காரர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றார். அவர் வாயடைத்து நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் நாளே போனோம். படம் மகா மோசம், அதையும் சொல்லிவிடுகிறேன். ராஜாவாக வந்தவருக்குத் தொப்பை. வனத்தில் நிற்கிறார், பின்னால் வனமே காற்றில் ஆடுகிறது. துணியில் எழுதிய வனம். ராணி அழும்போதெல்லாம் ஏதோ ஒரு காக்காய் கூடவே கத்தியது. நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு என் தங்கை வந்தாள். பூத்தட்டு கையில். முகம் முழுக்க மாவு அப்பியிருந்தார்கள். புருவத்தை மையால் வளைத்து, ஏதோ ஒரு பொம்மை மாதிரி பண்ணிவைத்திருந்தார்கள். ஆனால் வாயைத் திறந்ததும் குரல் அவள் குரல்தான். பூத் தொடுத்துக்கொண்டே ராணியைக் கேலி செய்து ஒரு பாட்டு. பாடி முடித்து, வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. தோழி எங்கே போனாள் என்று அந்தக் கதையில் யாரும் கேட்கவும் இல்லை.

திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். “உள்ளதச் சொன்னாக் கோவிச்சுக்காத. இது ஒரு வாரம் தாங்காது. நாலு வருஷம் போனா இப்படி ஒரு படம் வந்துச்சுன்னே எவனுக்கும் ஞாபகம் இருக்காது.”

“அப்ப என் தங்கச்சி ஒரு வாரந்தானா?” என்றேன்.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் அவர் சொன்னது நிஜம் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அத்தனை கோபம். உலகத்தில் அவள் முகம் வேறு எங்கேயும் இல்லை. அந்தத் தொப்பை ராஜாவுக்கும் காக்காய்க்கும் நடுவில்தான் இருந்தது. நல்ல படத்தில் அவளை வைத்திருக்கக் கூடாதா என்று கண்ணில் பட்ட தெய்வத்தையெல்லாம் திட்டினேன்.

எங்களோடு இருந்த அப்பாவிடம் சொன்னேன். “எனக்கு ஒரே பொண்ணு” என்றார். சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். இரண்டு நாள் போனது. சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் வெளியே போனார். பொழுது சாயத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டு வந்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“சிரிக்கிறா” என்றார். “நல்லாத்தான் இருக்கா.”

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். நானும் கூடப் போனேன். அன்றைக்கு அந்த ரீல் முடிந்து விளக்கு வந்ததும், ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் “ஒன்ஸ் மோர்” என்றது. அப்பாதான். கொட்டகையில் விசில் அடிக்கிறவனைக் கண்டாலே முறைக்கிற மனிதர். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று இன்னொரு தரம் கேட்டார். அவர் கேங்கில் வேலை செய்தவர்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள், என் தங்கையைத் தூக்கி வளர்த்தவர்கள். மண்டோரே கேட்டுவிட்டார் என்றதும் அவர்களும் கத்தினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நானும் கத்தினேன். எதிர் வீட்டம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், நான் உட்காரவில்லை. ஆபரேட்டர் ரீலைச் சுற்றி மறுபடி போட்டான். அவள் மறுபடி கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அது ஆட்டத்துக்கு ஆட்டம் வழக்கமாகிவிட்டது. கோட்ரஸ் சனம் முழுக்க வந்தது. அவளை வாய்க்கு வந்தபடி பேசியவர்களும் வந்தார்கள். பாட்டும் கேட்கக் கேட்கப் பிடித்துக்கொள்கிற பாட்டுதான், அதனால் எங்களைத் தெரியாத சனமும் சேர்ந்துகொண்டது. ஒரு தரம் கேட்டது இரண்டு தரமாயிற்று. ஒரு வாரம் தாங்காது என்ற படம் அடுத்த வாரமும் ஓடியது, அதற்கடுத்த வாரமும் ஓடியது.

என் வீட்டுக்காரர் ஜோசியத்தை மாற்றிக்கொண்டார். “நான் யோசிச்சுப் பாத்தேன். கதை நல்லாருக்கா, செட்டு பெரிசா, அதெல்லாம் கணக்கே இல்ல. ஜனங்க எதத் திருப்பித் திருப்பிக் கேக்குறாங்களோ அதான் நிக்கும். இந்தப் படம் நிக்கும், எழுதி வச்சுக்க.” எதிர் வீட்டுக் கிராணியும் தலையாட்டினார். அப்பா அந்தப் பேச்சில் வந்து உட்கார்ந்து முதல் தரம் காது கொடுத்துக் கேட்டார். “நெசமாவா மாப்பிள்ளே?” என்றார். “அம்பது வருஷம் நிக்குமா?” நான் எதிலும் லேசில் ஏமாறுகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்கு நானும் நம்பினேன். கேட்கக் கேட்க அவளுக்கு ஆயுசு கூடுகிறது என்றே நம்பினேன்.

அந்த ரீலில் மட்டும் படம் அடிக்கடி அறுந்தது. திரை வெள்ளையாகிவிடும், பையன்கள் விசில் அடிப்பார்கள், ஆபரேட்டர் ஒட்டிப் போடுவான். பாழாய்ப்போன மெஷின் என்று திட்டிவிட்டுக் காத்திருந்தோம். வேறு எதுவும் நினைக்கவில்லை.

படம் கிள்ளானுக்குப் போனது. அங்கேயும் அதே தவுக்கேக்குக் கொட்டகை இருந்தது. தகரப் பெட்டிகளோடு ஆபரேட்டரும் போனான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் ரயிலேறினோம். அப்பா வேட்டியை வெளுக்கப் போட்டு வாங்கி உடுத்தியிருந்தார். கொட்டகை வாசலில் ரப்பர் தோட்டத்துச் சனம் திரண்டிருந்தது. சம்பளம் போட்டிருந்த சமயம், லோரியிலும் வண்டியிலும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். அப்பா வரிசையில் முன்னால் நின்றவனிடம் தானாகப் பேச்சுக் கொடுத்தார்.

“இந்தப் படத்துல தோழியா வருதே, அது எம்பொண்ணு. சின்னப் பொண்ணு. இப்ப இல்ல.”

தலை முழுகின பிறகு அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த ஆள் தன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான், அவன் அடுத்தவனிடம் சொன்னான். ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவம் அக்கா” என்றாள்.

பகல் ஆட்டத்தில் உட்கார்ந்தோம். கதவு திறந்தது, அவள் பூத்தட்டோடு வந்தாள், வாயைத் திறந்து முதல் அடியில் பாதி பாடினாள். அடுத்த நொடி வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் பாட்டே இல்லை. அடுத்து ராஜா வந்து தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டார். என்ன நடந்தது என்றே எனக்குப் புரியவில்லை. கிள்ளான்காரனை ஏமாற்ற வெட்டிவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் குதித்தார்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா மெஷின் அறைக்குப் போனார், நாங்களும் பின்னால் போனோம். ஆபரேட்டர் நல்ல பையன். வேர்த்து வழிந்துகொண்டு நின்றான்.

“நான் வெட்டல ஐயா. ஓரத்துல ஓட்டை ஓட்டையா இருக்குதே, அதப் புடிச்சுத்தான் மெஷின் இழுக்கும். அங்க நீங்க ஒன்ஸ் மோர் கேட்டுக் கேட்டு ஓட்டி, அந்த எடம் கிழிஞ்சுபோச்சு. அறுந்தா நைஞ்சத எடுத்துட்டுத்தான் ஒட்ட முடியும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போயிரும். இங்க வந்து ஓட்டினப்ப பாட்டுல மிச்சமும் போச்சு. அந்தம்மா வர்ற ரீல்தான் இப்படி. மத்த ரீலெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு.”

“எடுத்த துண்டெல்லாம் எங்க?” என்று அப்பா கேட்டார்.

“கூட்டித் தள்ளியாச்சு ஐயா.”

என் வீட்டுக்காரர், மதராஸிலிருந்து வேறு காப்பி தருவிக்கலாமே, நான் எழுதுகிறேன் என்றார். ஆபரேட்டர் தலையை ஆட்டினான். “கம்பெனியே மூடிட்டான் சார். இதான் கடைசிக் காப்பி. அதான் இங்க அனுப்புனான்.”

அந்தச் சிரிக்கிற இடம் தாங்குமா என்று அப்பா கேட்டார். மெதுவாக ஒரு தரம் ஓட்டினால் தாங்கும், சாயந்திர ஆட்டம் முடிந்ததும் அந்த ரீலைத் தனியாக எடுத்து வைக்கத் தவுக்கேயிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றான் பையன். வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. இன்னொரு தரம் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

சாயந்திர ஆட்டத்துக்குக் கூட்டம் பகலை விட அதிகம். மதியம் வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பா உள்ளே வந்ததும் எழுந்து இடம் விட்டார்கள். கதவு திறந்தது, அவள் வந்தாள், அரை அடி பாடினாள், வாசலில் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், போனாள். ரீல் முடிந்து விளக்கு வந்தது. எங்கேயோ பின்னாலிருந்து ஒருவன், “பெரியவர் பொண்ணுக்கு ஒன்ஸ் மோர்” என்றான்.

கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டது. பெஞ்சில் தட்டினார்கள், பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கத்தினார்கள். செத்துப்போன பெண்ணை அவள் அப்பனுக்கு இன்னொரு தரம் காட்டிவிட வேண்டும் என்று, முன்பின் தெரியாத அத்தனை பேரும் தொண்டை கிழியக் கேட்டார்கள். அப்பா எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

“வேணாம்யா. கேக்காதீங்க. போதும், எம்பொண்ண விட்டுடுங்க.”

அவர் குரல் பக்கத்துப் பெஞ்சுக்கே எட்டியிருக்காது. கண்ணில் தண்ணீரோடு கும்பிடுகிற கிழவரைப் பார்த்தவர்கள், நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்னும் பலமாகக் கத்தினார்கள். நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, நிறுத்துங்க, நிறுத்துங்க என்றேன். என் வீட்டுக்காரர் மெஷின் அறைப் பக்கம் ஓடினார். அதற்குள் தவுக்கே சைகை காட்டிவிட்டார். விளக்கு அணைந்தது.

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வாசலில் திரும்பினாள். சிரிக்க வாய் திறந்ததும் திரை வெள்ளையாகிவிட்டது. பையன்கள் விசில் அடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த ரீல் ஓட ஆரம்பித்தது, ராஜா பேசிக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் பிறகு என்ன ஆனதென்று தெரியாது. அவர்கள் அம்பது வருஷம், நூறு வருஷம் என்று சத்தியம் செய்த புராணப் படங்களும் என்ன ஆயின என்று தெரியாது. என் வீட்டுக்காரர் மட்டும் அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் ஜோசியம் சொல்லவில்லை. எதிர் வீட்டுக் கிராணி வந்து பேச்செடுத்தால், வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்.

சில மாதம் கழித்து ஒரு நாள், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா பெரியவளே, அவளுக்கு மூக்கு உன்ன மாதிரியா, உங்கம்மா மாதிரியா?”

சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் வந்து நின்றது, மாவு அப்பி, மையால் புருவத்தை வளைத்த அந்தத் தோழிதான். அதற்குப் பின்னால் என் கூடப் பிறந்தவளை எவ்வளவோ தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்.